வழமை என்று எழுதிய நாட்கள்

2021ஆம் ஆண்டு யூன் மாதம் 9ஆம் திகதி, புதன்கிழமை. காலை 5.20க்கு எழும்பினேன். 5.45க்கு விரல் நுனியில் குத்தி இரத்தத்தில் சீனி பார்த்தேன்: 91. 6.10க்குச் சீனியில்லாத தேநீர். 7.00 மணிக்குக் குரக்கன் பிட்டும் ஓர் அவித்த முட்டையும். 8.15க்கு மரக்கறி லொறி எங்கள் ஒழுங்கைக்குள் வந்து ஹோர்ன் அடித்தது. பயணத் தடைக் காலம். என் கணவர் சிறீ முகக்கவசத்தைப் போட்டுக்கொண்டு இறங்கிப் போனார். 9.00 மணிக்குத் துடிப்பு அட்டையை எடுத்தேன். 9.02க்கு அதில் 11.40 என்று எழுதினேன்.

கடைசி வசனம் அச்சுப் பிழை அல்ல. நான் கொழும்பு, கொட்டாஞ்சேனையில் ஓர் அச்சகத்தில் பத்தொன்பது வருடமாக ஒப்புநோக்குபவள். பாடப் புத்தகங்களும் படிவங்களும் அச்சுக்குப் போகுமுன் என் மேசைக்கு வரும். என் எழுத்தில் பிழை இருக்காது. பொய் இருந்தது.

துடிப்பு அட்டை என்பது கர்ப்பிணிக்கு இருபத்தெட்டாம் வாரத்தில் கிளினிக்கில் கொடுக்கும் ஒரு கட்டம் போட்ட தாள். காலை ஒன்பது மணியிலிருந்து வயிற்றில் பிள்ளை அசைவதை எண்ண வேண்டும். பத்தாவது அசைவு வந்த நேரத்தை அன்றைய கட்டத்தில் எழுத வேண்டும். இரவு ஒன்பதுக்குள் பத்து வராவிட்டால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அவ்வளவுதான். எண்ணத் தெரிந்த எவரும் செய்யக்கூடிய வேலை. மே 12 முதல் 21 வரை பத்து நாள் ஒழுங்காக எண்ணினேன். 22ஆம் திகதி காலை கதிரையில் இருந்தபடி அட்டையைப் பார்த்தேன். எண்ண மனம் வரவில்லை. முந்திய நாட்களைப் பார்த்து, அவற்றுக்குப் பொருந்துகிற மாதிரி ஒரு நேரத்தை எழுதினேன். அடுத்த நாளும் அப்படியே. ஒரே நேரம் திரும்ப வரக்கூடாது என்று கவனமாக 11.35, 11.50, 11.40 என்று மாற்றி மாற்றி எழுதினேன்.

எனக்கு அப்போது நாற்பத்து மூன்று வயது. கலியாணம் முடித்துப் பதினான்கு வருடம். இரண்டு தரம் தங்கிக் கலைந்தது. மூன்றாவது தங்கி முப்பத்திரண்டு வாரம். இப்படிப்பட்டவளுக்குக் கவலை இருக்கலாமா? சந்தோஷத்தைத் தவிர வேறொன்றுக்கும் எனக்கு உரிமை இல்லை என்றுதான் நானும் நினைத்தேன். அதிகாலை மூன்று மணிக்கு விழிப்பு வரும், பிறகு நித்திரை வராது. சாப்பாட்டில் உப்புத் தெரியாது. அச்சகம் பூட்டியிருந்தது. வெள்ளவத்தையில் எங்கள் மாடி வீட்டின் யன்னலால் கடல் தெரியும். அதைப் பார்த்தாலும் சுவரைப் பார்த்தாலும் ஒன்றுதான். ஒவ்வொரு நாளும் நாளேட்டில் ஒரே ஒரு சொல் எழுதினேன்: வழமை.

யூன் 10, வியாழக்கிழமை கிளினிக். பிறசர் 150க்கு 100. சிறுநீரில் புரதம் போகிறது. கர்ப்ப காலத்தில் இப்படி வந்தால் தாய்க்கு வலிப்பு வரலாம், பிள்ளைக்குப் போகிற இரத்தமும் குறையலாம். ஆகவே வீட்டுக்கு அனுப்ப மாட்டார்கள். மூக்கில் குச்சி விட்டுக் கொரோனா பார்த்தார்கள். இல்லை என்று வந்ததும் வார்ட்டுக்கு ஏற்றினார்கள். சிறீக்கு வாசல் வரைதான் அனுமதி. பையைத் தந்துவிட்டு, “ஆளைக் கவனமாப் பாரும்,” என்றார். ஆள் என்பது பிள்ளை. வயிற்றில் தங்கிய நாளிலிருந்து அவருக்கு அது ஆள்தான்.

என் கட்டில் 14. பக்கத்துக் கட்டில் 15. அதில் றிஸ்னா.

கொழும்பில் கிராண்ட்பாஸ் பக்கத்துப் பிள்ளை. வயது இருபத்து நான்கு, முதல் பிள்ளை, முப்பத்து மூன்று வாரம், அவளுக்கும் பிறசர். நான் கட்டிலில் ஏறியதும், “தாத்தா, அந்தப் பக்கம் காத்து வராது, தலமாட்ட மாத்திப் படுங்க,” என்றாள். கொழும்பு முஸ்லிம்களுக்குத் தாத்தா என்றால் மூத்த சகோதரி. அது எனக்குத் தெரியும். ஆனால் சிங்களத்தில் தாத்தா என்றால் அப்பா; எதிர்க் கட்டிலில் இருந்த சிங்களப் பெண், தன்னுடைய தகப்பன்தான் வந்துவிட்டாரென்று வாசலை எட்டிப் பார்த்தாள். றிஸ்னா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

“அக்கா எண்டே கூப்பிடும்,” என்றேன். “தாத்தா எண்டால் எங்கட ஆக்களுக்குக் கிழவன்.”

“சரி அக்கா. ஒங்களுக்கு நரையும் ஈக்குத்தானே, பொருத்தம் எண்டு நெனச்சன்.”

முதல் பொறாமை அந்தச் சிரிப்பில் தொடங்கியது. பிறகு அது பெருகியது. ஒவ்வொன்றையும் நாளேட்டில் குறித்தேன். அவளுடைய மாமியார் அனுப்பும் பார்சலில் ஒவ்வொரு கறியும் தனித்தனிக் கிண்ணத்தில் வரும். சிறீ அனுப்பும் பார்சலில் எல்லாம் ஒரே பெட்டியில், பீற்றூட் சாறு மீனுக்குள் ஊறி. அவளுடைய வயிறு போர்வைக்கு மேலாலும் அசைவது என் கட்டிலிலிருந்து தெரியும். தாதியர் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள், நான் பதினாலு. எல்லாவற்றுக்கும் மேலாக, அவள் அழுதாள். ஒளிக்காமல், போனில் கதைத்துக்கொண்டே, தேநீர் குடித்துக்கொண்டே அழுதாள். அழுது முடித்து மூக்கைச் சிந்திவிட்டு, “மிஸ், இன்னொரு பிஸ்கட் ஈக்கா?” என்று தாதியிடம் கேட்பாள். அவளுடைய இளமை, கிண்ணங்கள் எல்லாவற்றையும்விட அந்தக் கண்ணீரில்தான் எனக்குப் பொறாமை. எனக்கு ஏழு கிழமையாக ஒரு சொட்டு வரவில்லை.

வெள்ளிக்கிழமை காலை தாதி எல்லோருக்கும் ஒரு தாள் கொடுத்தார். கர்ப்பிணிகளின் மனநிலையை அறியும் பத்துக் கேள்விகள். கொரோனா வந்த பிறகு பலருக்கு மனம் சோர்கிறது, அதனால் எல்லோரிடமும் கேட்கிறோம் என்றார். போன கிழமையில் சிரிக்க முடிந்ததா, நித்திரை வந்ததா, காரணமில்லாமல் பயந்தீர்களா என்ற மாதிரியான கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் நான்கு விடை. ஒவ்வொன்றிலும் முதல் விடை, வழமை போல; அதற்குப் புள்ளி பூச்சியம்.

நான் என்ன செய்தேன் என்பதை உள்ளபடி எழுதுகிறேன். முதலில் தாளை ஒப்புநோக்கினேன். நான்காம் கேள்வியில் ‘காரணம்’ என்பதற்கு ரகரம் விடுபட்டிருந்தது. ஏழாம் கேள்வியில் ஒற்று மிகவில்லை. பென்சிலால் ஓரத்தில் குறி போட்டேன். பிறகு விடைகள். சிரிக்க முடிந்ததா? வழமை போல. ஒரு மாதத்துக்கு மேலாக நான் சிரிக்கவில்லை. ஆகவே சிரிக்காமல் இருப்பதுதான் வழமை. அது பொய்யென்று எனக்குப் படவேயில்லை. சொல்லின் பொருள் சரியாகத்தான் இருந்தது. பத்துக்கும் அப்படியே போட்டுக் கொடுத்தேன். மொத்தம் பூச்சியம். பூச்சியம் என்றால் ஒரு கவலையுமில்லாத மனுஷி.

றிஸ்னாவின் கூட்டுத்தொகை கூடுதலாக இருந்தது. அன்று பின்னேரம் மனநல மருத்துவர் அவளிடம் வந்தார். தமிழ்ப் பெண், முப்பத்தைந்து வயது இருக்கலாம். சுவரோரம் இருந்த பிளாஸ்டிக் கதிரையை இழுத்து, இடைவெளி விட்டுப் போட்டு, அமர்ந்தார். ஆஸ்பத்திரியில் டொக்டர்மார் நின்றபடிதான் கதைப்பார்கள். இவர் இருந்தார். கேட்டார். றிஸ்னா அழுதபோது பேசாமல் இருந்தார். முப்பத்தைந்து நிமிடம். அன்று காலை என் கட்டிலில் நின்ற டொக்டருக்கு இரண்டு நிமிடம். இரண்டையும் நாளேட்டில் எழுதினேன்.

அன்றிரவு சிறீ போன் எடுத்தார். “ஆள் எப்பிடி? துடிக்கிறாரோ?”

“ஓம்.”

“வேற?”

“வழமைதான்.”

“அப்ப சரி, படும்.”

பிள்ளையிலும் எனக்குப் பொறாமை வந்தது. இதை எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் எழுதாவிட்டால் இந்தக் கட்டுரைக்கு ஒரு பிரயோசனமும் இல்லை. எல்லோரும் என்னுடைய வயிற்றோடு கதைத்தார்கள். நான் வயிற்றைக் கொண்டு திரியும் ஒரு பை.

ஞாயிற்றுக்கிழமை மதியம் றிஸ்னா மறுபடி கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். என் வாய் சும்மா இருக்கவில்லை.

“உமக்குச் சுகம், தங்கச்சி. அழுதால் டொக்டர் கதிரை இழுத்துப் போட்டு இருக்கிறா.”

அவள் கோபிப்பாள் என்று எதிர்பார்த்தேன். கோபிக்கவில்லை. “ஒங்களுக்கும் வேணுமெண்டா அழுங்க அக்கா. கதிர காலியாத்தான் ஈக்கு.”

“எனக்கு அழ என்ன காரணம் கிடக்கு?”

“காரணம் வேணுமா?” என்று கேட்டுவிட்டு மின்விசிறியைப் பார்த்தாள். “எங்கட வாப்பா தை மாசம் மௌத்து. இதே கொரோனாதான். ஆஸ்பத்திரில மொகத்தக்கூட காட்டல்ல. கடைசியா ஒரு நல்ல வெள்ளப் புடவகூட எங்கட கையால போர்த்த கெடைக்கல்ல. அந்த நேரம் எனக்கி அழுக வரல்ல அக்கா. மூணு மாசம் செண்டு, ஒரு நாள் தேங்கா துருவக்குள்ள வந்திச்சி. அதுக்குப் பொறகு நிக்கல்ல. காரணம் வாப்பாவா தேங்காயா எண்டு டொக்டர் கேக்கல்ல. எத்தின நாளா எண்டுதான் கேட்டாங்க.”

அவளுடைய துக்கத்துக்கு ஒரு பெயர் இருந்தது, ஒரு மாதம் இருந்தது, சொன்னால் எவரும் தலையாட்டுவார்கள். என்னுடையதுக்கு ஒன்றுமில்லை. அதிலும் பொறாமைப்பட்டேன். ஒரு பிள்ளையின் தகப்பன் செத்ததில் பொறாமைப்படுகிற அளவுக்கு நான் போயிருந்தேன். அதைத்தான் நான் நோய் என்று இப்போது சொல்கிறேன். அப்போது என் கெட்ட குணம் என்று நினைத்தேன்.

திங்கட்கிழமை, யூன் 14. காலை 9.03க்கு அட்டையை எடுத்துப் பேனையைத் திறந்தேன்.

“அக்கா,” என்றாள் றிஸ்னா. “நீங்க எண்ணவே இல்ல. எழுதுறீங்க.”

“நான் மனசுக்குள்ள எண்ணுறனான்.”

“ஒம்பது அஞ்சும் ஆகல்ல. பதினொண்ணு அம்பது எண்டு எழுதப் போறீங்க. நேத்தும் பாத்தன், முந்தாநேத்தும் பாத்தன். நமக்கென்ன எண்டு இருந்தன்.” அவள் குரலைத் தாழ்த்தினாள். “பேனய வைங்க. துடிச்சா எனக்கிட்ட செல்லுங்க. நான் எழுதுறன்.”

மறுக்கச் சோர்வாக இருந்தது. ஆகவே எண்ணினேன். இருபத்து மூன்று நாளைக்குப் பிறகு முதல் தடவையாக வயிற்றைக் கவனித்தேன். 9.50க்கு ஒன்று. 11.15க்கு இரண்டு. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு இன்னொன்று. பின்னேரம் மூன்று மணிக்கு நான்கு. றிஸ்னா தன் தாளில் போட்ட நான்கு கோடுகளையும் பார்த்தாள். பிறகு என்னைக் கேட்காமலே தாதியைக் கூப்பிட்டாள்.

வயிற்றில் இரண்டு பட்டி கட்டினார்கள். பிள்ளையின் இதயத் துடிப்பைத் தாளில் கோடாக வரைகிற கருவி அது. நலமான பிள்ளையின் கோடு மேலும் கீழும் அசைந்துகொண்டிருக்கும். என்னுடையது கிட்டத்தட்ட மட்டமாகப் போனது. வார்ட் டொக்டர் சிங்களவர், நிதானமானவர். கோட்டைப் பார்த்தார், என் துடிப்பு அட்டையைப் பார்த்தார், தாதியிடம் வேகமாகக் கதைத்தார். எனக்குச் சிங்களம் நன்றாக விளங்கும். அவர் சொன்னது இதுதான்: நேற்று வரை பத்து அசைவும் பன்னிரண்டு மணிக்குள் வந்திருக்கின்றன. இன்று மூன்று மணிக்கு நான்கு. இது திடீர் மாற்றம். பிறசரும் இருக்கிறது. ஒப்பரேஷன் தியேட்டரை ஆயத்தப்படுத்தச் சொல்லுங்கள், இன்றைக்கே பிள்ளையை எடுக்க வேண்டி வரலாம்.

முப்பத்திரண்டு வாரமும் ஐந்து நாளும். சுவாசப்பை முற்றாத பிள்ளை. அந்த அட்டையை நம்பி அவர்கள் வயிற்றைக் கீறப் போகிறார்கள். நான் அழகான கையெழுத்தில் எழுதிய அட்டை. பார்ப்பவர் எவரும் நம்பாமல் இருக்க முடியாது.

“டொக்டர்,” என்றேன். “அந்த அட்டை பொய்.”

அவர் நிமிர்ந்து பார்த்தார். சிங்களத்தில் சொன்னது போதாதென்று நினைத்தேனோ தெரியாது, தமிழிலும் சொன்னேன். “இருபத்து மூண்டு நாளா நான் எண்ணேல்லை. சும்மா எழுதினனான். நேற்றைக்கு எத்தினை எண்டு எனக்குத் தெரியாது. முந்தநாளும் தெரியாது.”

எனக்கு வசை விழும் என்று காத்திருந்தேன். அவர் அட்டையைத் தாதியிடம் கொடுத்துவிட்டு, “அப்படியென்றால் இன்றுதான் முதல் நாள்,” என்று மட்டும் சொன்னார். தியேட்டருக்குச் சொல்லியிருந்ததை நிறுத்திவைத்து, ஸ்கானுக்கு அனுப்பினார். தொப்புள்கொடியில் இரத்தம் ஒழுங்காக ஓடியது. பிள்ளை கையை நெற்றியில் வைத்துக்கொண்டு படுத்திருந்தது. குளிராக ஏதோ குடிக்கத் தந்து, இடப்பக்கம் படுக்க வைத்து, மறுபடி பட்டி கட்டியபோது கோடு அசையத் தொடங்கியது. பொறுத்துப் பார்ப்போம் என்றார்கள்.

வார்ட் டொக்டர் சொல்லி ஐந்தே காலுக்கு மனநல மருத்துவர் வந்தார். கதிரையை இழுத்து 14ஆம் கட்டிலின் பக்கம் போட்டார். கையில் என்னுடைய பத்துக் கேள்வித் தாள்.

“இந்த எழுத்துப் பிழையெல்லாம் திருத்தினது நீங்களா?”

“ஓம்.”

“இத்தனை பேர் நிரப்பியிருக்கிறாங்கள், ஒருத்தரும் கண்டுபிடிக்கேல்லை.” சிரித்தார். பிறகு கேட்டார்: “எல்லாத்துக்கும் வழமை போல எண்டு போட்டிருக்கிறீங்கள். உங்கட வழமை எது?”

நாளேட்டை எடுத்துக் கொடுத்தேன். வார்ட்டில் எழுதிய பக்கங்களைத் தாண்டி அவர் பின்னோக்கிப் புரட்டினார். வழமை. வழமை. வழமை. ஏப்ரல் 27 வரை அந்த ஒரு சொல்தான். அதற்கு முதல் நாளின் பக்கத்தை எனக்கு வாசித்துக் காட்டினார். ‘26, திங்கள். முருங்கைக்காய் வாங்கினோம், முற்றல். இதால் கதவுக்குத் தாழ்ப்பாள் போடலாம் என்று சிறீ சொன்னார். சிரிப்பு அடக்க முடியவில்லை.’

“இது ஆர் எழுதினது?” என்று கேட்டார்.

“நான்தான்.”

“அப்ப இதுதானே உங்கட வழமை?”

அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. அழகாக வரவில்லை, விக்கலோடு வந்தது. அவர் போகவில்லை. எத்தனை நாளாக, எத்தனை மணிக்கு விழிப்பு, சாக வேண்டும் போல வந்ததா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். மனச்சோர்வு என்பதும் பிறசர் மாதிரி ஒரு நோய், கர்ப்பத்திலும் வரும், ஆசைப்பட்டுப் பெறுகிறவருக்கும் வரும். எண்ண முடியாமல் போனது சோம்பல் இல்லை, அந்த நோயின் ஒரு குறி என்றார். கர்ப்பத்தில் எடுக்கக்கூடிய ஒரு சிறிய மாத்திரை, கிழமைக்கு ஒரு தரம் கதைப்பது. அவர் எழும்பியபோது மணிக்கூட்டைப் பார்த்தேன். நாற்பத்திரண்டு நிமிடம். றிஸ்னாவுக்குக் கொடுத்ததைவிட ஏழு நிமிடம் கூட. அந்த ஏழு நிமிடத்தில் எனக்கு வந்த திருப்தியை மறைக்க விரும்பவில்லை.

துடிப்பு அட்டையைத் தாதி என்னிடமே திருப்பித் தந்திருந்தார். இருபத்து மூன்று கட்டங்களையும் சிவப்புப் பேனையால் வெட்டி, ஒவ்வொன்றின் மேலும் ‘எண்ணவில்லை’ என்று எழுதி, ஒப்பமிட்டேன். அச்சகத்தில் திருத்துவது போலவே.

இரவுச் சாப்பாட்டுக்கு முன் சிறீயின் அழைப்பு. எல்லாவற்றையும் சொன்னேன்.

“விசர் எண்டே சொல்லினம்?”

“இல்லை. மனச்சோர்வாம். பிறசர் மாதிரி ஒண்டு.”

“மருந்து இருக்கோ?”

“இருக்கு.”

பின்னால் குழாயில் தண்ணீர் ஓடுவது கேட்டது; பாத்திரம் கழுவிக்கொண்டிருந்திருக்கிறார். குழாயைப் பூட்டினார்.

“ஆள் இருக்கட்டும்,” என்றார். “நீர் எப்பிடி?”

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மாத்திரை வேலை செய்ய மூன்று கிழமை எடுத்தது. மகள் முப்பத்தாறாம் வாரத்தில் கீறிப் பிறந்தாள், இரண்டு கிலோ நூறு. மாத்திரையை ஒன்றரை வருடம் எடுத்து, டொக்டர் சொன்னபடி குறைத்து நிறுத்தினேன். றிஸ்னாவுக்கு மகன். இப்போதும் பெருநாளுக்கு வட்டிலப்பம் அனுப்புகிறாள். இப்போதும் தனித்தனிக் கிண்ணம். வார்ட்டில் தாள் நிரப்பப் போகிறவர்களுக்கு ஒன்றைச் சொல்லத்தான் இதை எழுதினேன்: வழமை போல என்ற விடையில் அடையாளம் போடுமுன், எந்த மாதத்து வழமை என்று ஒரு தரம் யோசியுங்கள்.

அந்தத் திங்களுக்கு மறுநாள், யூன் 15, செவ்வாய்க்கிழமை. காலை 5.10க்கு விழித்தேன். முகம் கழுவவில்லை, தேநீருக்குக் காத்திருக்கவில்லை. முதல் வேலையாக இடப்பக்கம் திரும்பிப் படுத்து, வயிற்றில் கையை வைத்தேன். பக்கத்துக் கட்டிலில் றிஸ்னா சுபஹ் தொழுகையை முடித்துவிட்டு உட்கார்ந்திருந்தாள்.

“அக்கா, இன்னும் ஒம்பது ஆகல்ல.”

“தெரியும். இது கணக்கில இல்லை.”

அவளும் தன் வயிற்றில் கையை வைத்தாள். இருவரும் எண்ணினோம்.

“எனக்கி மூணு,” என்றாள்.

எனக்கு இன்னும் ஒன்றும் இல்லை. பொறாமையாக இருந்தது. கையை எடுக்காமல் படுத்திருந்தேன்.

“ஒண்டு,” என்றேன்.